பக்கத்து மனையில் இடித்துக் கட்டப் போகிறார்கள்: தூசு, சத்தம், கிணறு பற்றி முன்கூட்டியே என்ன கேட்டு வாங்கலாம்?

மாலா_கேகேநகர்:

வணக்கம். சென்னை கே.கே. நகரில் எங்கள் வீட்டை ஒட்டி இருக்கும் பழைய மூன்று மாடி ஃபிளாட்டை இடித்துவிட்டு ஸ்டில்ட் பிளஸ் ஐந்து (கீழே வண்டி நிறுத்தத் தூண்தளம், மேலே ஐந்து மாடி) கட்டப் போகிறார்கள். குடியிருந்தவர்கள் எல்லாரும் காலி செய்துவிட்டார்கள். அவர்கள் காம்பவுண்டுக்கும் எங்கள் படுக்கையறைச் சுவருக்கும் நடுவில் நாலடி சந்துதான். மாமியாருக்கு ஆஸ்துமா. பையன் பன்னிரண்டாம் வகுப்பு. பின்கட்டில் ஓர் உறைகிணறு இருக்கிறது, வருஷம் முழுக்க அதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

கட்டவே கூடாது என்று சண்டை போட வரவில்லை. நாளைக்கு நாங்களும் இடித்துத்தான் ஆக வேண்டும். பில்டர் ஆள் ஒருவர் வந்து, "கொஞ்சம் கோ-ஆபரேட் பண்ணுங்க மேடம்" என்று சொல்லி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். என்ன கோ-ஆபரேட், எத்தனை மாசம், எந்த நேரத்தில் என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. வேலை ஆரம்பிப்பதற்குள் அவர்களிடம் எதை எழுதி வாங்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெசன்ட்நகர்_பெருசு:

ஸ்வீட்டைச் சாப்பிட்டுவிடும்மா, உங்களுக்குக் கிடைக்கப் போவது அது ஒன்றுதான்.

எங்கள் தெருவில் கார் பார்க்கிங்குக்காக அடித்தளம் தோண்டினார்கள். மணல் பூமி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ராவும் பகலும் மோட்டார் போட்டு இறைத்து, கண்ணாடி மாதிரித் தண்ணீரை அப்படியே வடிகாலில் விட்டார்கள். சித்திரை வெயிலில் எங்கள் கிணறு வற்றி, நான் லாரித் தண்ணீர் வாங்கினேன். இறைப்பை நிறுத்தியதும் தண்ணீர் திரும்பி வந்தது, உப்புக் கரிப்போடு. சுவரில் விரிசலும் விட்டது. கேட்டால், "பழைய வீடு சார், இது முன்னாடியே இருந்திருக்கும்" என்றார்கள். முன்னாடி இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பது? பில்டர் பெயரை வேண்டுமானால் சொல்கிறேன், எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள்.

நிர்வாகி:

பெருசு ஐயா, பெயர் வேண்டாம். விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

சைட்_செந்தில்:

மாலா மேடம், நான் சைட் இன்ஜினியர். பில்டர் பக்கத்து ஆள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெருசு ஐயா சொன்ன விரிசல் தகராறு வராத சைட்டே கிடையாது. முதல் ஜேசிபி உள்ளே நுழைவதற்கு முன்பே உங்கள் வீட்டைப் படம் எடுத்து வையுங்கள். எல்லா அறைச் சுவர்கள், சீலிங் மூலைகள், பாத்ரூம் டைல்ஸ், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சம்ப், காம்பவுண்டு எல்லாம் வர வேண்டும். ஏற்கெனவே இருக்கும் விரிசல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். பிரிண்ட் போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள். பெரிய விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்துத் தேதி எழுதி வைப்பது பழைய முறை. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதற்கு மேல் வாக்குவாதம் இல்லை. கிணற்றின் நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து அதே தாளில் எழுதிவிடுங்கள். ஒழுங்கான பில்டர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். பொய்ப் புகார் வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் இந்தத் தாள்தான்.

அடுத்தது இடிப்பு. எந்த மெஷினில் இடிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பொக்லைனில் பிரேக்கர் மாட்டி அடித்தால் 15 மீட்டர் தள்ளி நின்றாலே 85 முதல் 90 டெசிபல் இருக்கும். உங்களுக்கு நாலடி! அதிர்வும் தரை வழியாக நேரே உங்கள் அஸ்திவாரத்துக்கு வரும். அதே பொக்லைனில் ஜா கிரஷர் மாட்டினால் காங்கிரீட்டைக் கவ்வி நொறுக்கும். சத்தமும் அதிர்வும் நன்றாகக் குறையும். வாடகை கூடுதல் என்பதால் முழுக் கட்டடத்துக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பக்கத்துச் சுவருக்கும் அதை ஒட்டிய தூண்களுக்கும் மட்டுமாவது கிரஷர் அல்லது கை வேலை என்று கேளுங்கள்.

தூசுக்கு, உடையும் இடத்திலேயே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்க ஓர் ஆள் வேண்டும். இடித்து முடித்த பிறகு சாயந்திரம் தெருவை நனைப்பதெல்லாம் கண்துடைப்பு. மேல் மாடி இடிபாடுகளைச் சாரத்திலிருந்து தூக்கிப் போடாமல், குழாய் மாதிரிச் சரிவு வைத்து இறக்கச் சொல்லுங்கள். பச்சை வலை, கல் தெறிக்காமல் இருக்கத்தான். நுண்தூசியை அது நிறுத்தாது, சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பைலிங் (ஆழமாகக் குழி போட்டு அஸ்திவாரத் தூண் இறக்குவது), தண்ணீர் இறைப்பு பற்றி ராத்திரி எழுதுகிறேன். இப்போது தளம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டப்புள்ளி:

செந்தில் சார் சொன்னதெல்லாம் கேட்டுப் பெறும் சலுகைகள். சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறேன்.

ஒலி மாசு விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. 2010-இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கவே கூடாது. டெசிபல் மீட்டரெல்லாம் தேவையில்லை, இரவில் ஓடுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. புகார் கொடுக்கும்போது இந்த 2010 திருத்தத்தைக் குறிப்பிடுங்கள். வெறுமனே "தூங்க முடியவில்லை" என்று எழுதினால் எடுபடாது.

2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கட்டுமானத் தூசுக்கென்றே விதி கொண்டுவந்தது. மண், மணல், இடிபாடு எதையும் மூடாமல் வைக்கக் கூடாது. தண்ணீர் தெளிக்க ஏற்பாடு வேண்டும். கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரை, காற்றுத் தடுப்பு வைக்க வேண்டும். என்னென்ன தூசுத் தடுப்பு ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று சைட் வாசலில் பொதுமக்கள் பார்க்கும்படி பலகை வைக்க வேண்டும். அந்தப் பலகையை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நான் பெரிய ஐடி வளாகங்களின் வாசலில்தான் பார்த்திருக்கிறேன்.

காரணம் இதுதான். சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய கட்டாயம் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான். அதாவது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி. எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டலாம் என்று வைத்தால், அதற்கு 40 கிரவுண்டுக்கு மேல் மனை வேண்டும் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). கே.கே. நகர், அசோக் நகர், அடையாறு உள்தெருக்களில் நடக்கும் வேலை எல்லாம் நாலு கிரவுண்டு, ஆறு கிரவுண்டு. சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை எதுவும் அவர்களுக்குக் கிடையாது. இடிபாட்டுக் கழிவுக்கு 2026 ஏப்ரலைத் தொடக்கமாகக் கொண்டு 2025-இல் அறிவித்த புது விதிகளிலும் உற்பத்தியாளர் பொறுப்பு (இடிபாட்டை உண்டாக்குகிறவரே அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை) அதே 20,000 சதுர மீட்டரில்தான் தொடங்குகிறது.

ஊருக்கு வெளியே ஐம்பது ஏக்கரில் கட்டுகிறவனுக்கு ஆயிரம் நிபந்தனை. நாலடி சந்தில் கட்டுகிறவனுக்கு வார்டு இன்ஜினியர் மட்டும். என்னைக் கேட்டால் அக்கம்பக்கத்துக்குக் கெடுதல் அதிகம் செய்வது இந்த நடுத்தர சைட்டுகள்தான். 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டலாம் என்று ஆகிவிட்டதால் இனி தெருவுக்குத் தெரு இதைப் பார்ப்போம்.

பெசன்ட்நகர்_பெருசு:

விதி படிக்க நன்றாக இருக்கிறது தம்பி. அமல் செய்ய யார் இருக்கிறார்கள்?

சட்டப்புள்ளி:

ஐயா, மாநகராட்சியின் 1913 தொலைபேசியிலோ செயலியிலோ பதிந்த புகாருக்கு எண் உண்டு. அந்த எண்ணோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதலாம், அதற்குப் பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தாள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். மாநகராட்சியும் 2025-இல் கட்டுமானத் தூசுக்குத் தனி வழிகாட்டுதல் கொண்டுவந்து, சைட் அளவைப் பொறுத்து அபராதம் நிர்ணயித்திருக்கிறது. சின்ன சைட்டுகளும் அதற்குள் வருகின்றன.

சிங்கை_செல்வம்:

நான் சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே வீடுகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் சைட்டில் சனிக்கிழமை இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை வேலையே கூடாது. பொது விடுமுறைக்கும் அப்படித்தான். 2011-இலிருந்து நடப்பில் உள்ள விதி. மற்ற நாட்களில் பகல் 7 முதல் மாலை 7 வரை சராசரி 75 டெசிபல், இரவு 10-க்கு மேல் 55. கவனியுங்கள், பகல் வரம்பு நம் ஊர் 55-ஐவிட மிகவும் தளர்வு. ஆனால் அந்த 75-ஐ மீட்டர் வைத்து அளக்கிறார்கள், மீறினால் காசு போகிறது. நம் ஊரில் 55 என்று எழுதிவைத்தோம். ஒரு மிக்ஸர் ஓடினாலே தாண்டிவிடும் என்பதால் யாரும் அதை மதிப்பதே இல்லை.

இன்னொன்று, இங்கே சைட் ஓரம் வைக்கும் சத்தத் தடுப்பு கனமான பலகை. அடியில் இடைவெளி விட மாட்டார்கள். சத்தம் வரும் மெஷினுக்கும் உங்கள் ஜன்னலுக்கும் நடுவே பார்வை மறைந்தால்தான் பலன். ஐந்து டெசிபல் அங்கேயே குறையும். உங்கள் வீட்டு முதல் மாடியிலிருந்து மெஷின் தெரிந்தால் தரைத் தளத்துக்கு மட்டும்தான் பயன்.

கொசுவையும் மறந்துவிடாதீர்கள். சைட்டில் கொசுப்புழு கண்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்பதால் தினமும் ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தேடிக்கொண்டே திரிவார்.

கொத்தனார்_மகன்:

எல்லாரும் பேசிவிட்டீர்கள். நான் சின்ன காண்ட்ராக்டர், அப்பா கொத்தனாராக இருந்தவர்.

அக்கம்பக்கம் என்கிறீர்கள். சைட்டுக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டுப் படுத்திருக்கும் ஒடிசா, பீகார் பையன்களைவிடப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போது வருவது சிலிக்கா தூசு. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே உறுதியாகச் சொன்ன பொருள். அறுக்கும் பிளேடில் தண்ணீர் சொட்டவிட்டால் போதும், பெரும்பகுதி அடங்கிவிடும். தண்ணீர் கேன், சின்ன டியூப், இதற்கு என்ன செலவு? யாரும் செய்வதில்லை, ஏனென்றால் "லேட் ஆகும்". மாலா அக்கா உங்கள் மாமியாருக்காக இதைக் கேட்டு வாங்கினால் அந்தப் பையன்களின் நுரையீரலும் பிழைக்கும். கழிப்பறையையும் அதே பட்டியலில் சேருங்கள். தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் காலி மனைதான் கதி, அந்த நாற்றமும் உங்கள் தெருவுக்குத்தான்.

இரவு காங்கிரீட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு. ஒரு தளத்துக்கு 100 கன மீட்டர் என்றால், 6 கன மீட்டர் லாரியில் 17 நடை. நடுவில் நிறுத்தினால் பழைய காங்கிரீட்டும் புதிதும் ஒட்டாமல் ஜாயிண்ட் விழும், பிற்பாடு ஒழுகும். ஒரு விதி பகலில் வராதே என்கிறது, இன்னொரு விதி இரவில் ஓடாதே என்கிறது. நடுவில் நாங்கள். வீடு வாங்குகிறவர்கள் ஸ்கொயர் ஃபீட்டுக்கு ஐம்பது ரூபாய் கூடினால் அடுத்த பில்டரிடம் போய்விடுகிறார்கள், அதையும் எழுதுங்கள்.

சைட்_செந்தில்:

கொத்தனார்_மகன் தம்பி சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. பாதித் தளம் இன்று, பாதித் தளம் நாளை என்று டிசைனர் குறித்த இடத்தில் நிறுத்திப் போடலாம்; அப்படி நிறுத்தும் இடத்துக்கு முறை இருக்கிறது. நாங்கள் இரவில் போடுவதற்குப் பாதிக் காரணம் போக்குவரத்து விதி, மீதிப் பாதி பம்ப் வாடகையை ஒரே நாளில் முடிப்பது. எத்தனை தளமோ அத்தனை காங்கிரீட் நாட்கள்தான், தேதி முன்கூட்டியே தெரியும். இரண்டு நாள் முன்னால் தெருவுக்குச் சொல்லுங்கள் என்று எழுதி வாங்கலாம். பரீட்சை வாரத்தில் வேண்டாம் என்றும் கேட்கலாம்.

சரி, பைலிங். நம் ஊர் சின்ன சைட்டுகளில் டிஎம்சி (சேற்றுநீரைச் சுழலவிட்டுக் குழி போடும்) முறைதான் அதிகம். முக்காலி, வின்ச், உளி. களிமண்ணில் சத்தமில்லாமல் போகும். கீழே கெட்டிப்பாறை தட்டியதும் உளியைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள், அப்போதுதான் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். ஹைட்ராலிக் ரிக் நல்லது. ஆனால் உங்கள் பக்கத்து மனைக்குள் அது திரும்ப இடம் இருக்குமா என்பது சந்தேகம். அதனால் ரிக்கைப் பிடிவாதமாகக் கேட்பதைவிட அதிர்வை அளக்கச் சொல்லுங்கள், கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. பலரும் பின்பற்றுவது ஜெர்மனியின் டின் 4150 தரம். சாதாரண வீட்டின் அஸ்திவாரத்தில், குறைந்த அதிர்வெண்ணில், நொடிக்கு 5 மில்லிமீட்டர். பழமையான, பலவீனமான கட்டடத்துக்கு 3.

பைல் குழி சரியாமல் இருக்க பென்டோனைட் சேறு ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் அது எங்கே போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். டேங்கர் வைத்து வெளியேற்ற வேண்டியதை, இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடியில் படிந்து இறுகிவிடும், ஐப்பசி மழையில் தெரு மிதக்கும். தெருவில் கொட்டி வைக்கும் எம்-சாண்டும் கடைசியில் அதே வடிகாலுக்குள்தான் போகிறது. உங்கள் வீட்டில் கைவிட்ட பழைய போர்வெல் இருந்தால் அதையும் சைட் ஆளிடம் காட்டுங்கள். மெட்ரோ முதல் கட்டச் சுரங்கம் தோண்டியபோது வடசென்னையில் வீட்டு போர்வெல் வழியாகச் சேறு பொங்கியது செய்திகளில் வந்தது. பைலிங்கில் அந்த அளவு அழுத்தம் இருக்காது, இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது.

தண்ணீர் இறைப்புக்கு மண்ணைப் பார்க்க வேண்டும். பெசன்ட் நகர் மாதிரி மணலில் பம்ப் தண்ணீரோடு மணலையும் இழுத்தால் பக்கத்து அஸ்திவாரத்துக்குக் கீழே வெற்றிடம் விழும். களிமண்ணில் தண்ணீர் வெளியேறியதும் மண் மெதுவாக அமுங்கும், விரிசல் மாதங்கள் கழித்துக்கூடத் தெரியும். மாலா மேடம், அவர்கள் ஸ்டில்ட் என்று சொல்வதால் ஆழமான அடித்தளம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சம்ப், லிஃப்ட் குழி, எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டி உண்டு. எவ்வளவு ஆழம் என்று வரைபடத்தில் பாருங்கள். இறைக்கும் தண்ணீரை ஒரு தொட்டியில் மண் படியவிட்டு, தெளிந்ததை உங்கள் பக்க எல்லையில் உறிஞ்சுகுழி போட்டு பூமிக்குள்ளேயே விடச் சொல்லுங்கள். உங்கள் கிணற்றுக்கு அதைவிடப் பாதுகாப்பு இல்லை.

தோண்டுவது எந்த மாசம் என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளம் சரிந்து, இரண்டு உயிர் போனது. பக்கத்திலிருந்த பெட்ரோல் பங்க் பகுதியும் இறங்கியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த பள்ளம் இருக்கக் கூடாது என்று நான் எழுதியே வாங்குவேன். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கொத்தனார்_மகன்:

செந்தில் அண்ணே, பம்ப் வாடகை விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டீர்களே.

மாலா_கேகேநகர்:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு சாரையும் பின்தெரு அக்காவையும் கூட்டிக்கொண்டு பில்டர் ஆபீசுக்குப் போனோம். தனியாகப் போயிருந்தால் இன்னொரு ஸ்வீட் பாக்ஸ்தான் கிடைத்திருக்கும்.

படம் எடுத்துக் கையெழுத்து: சம்மதம், அவர்கள் இன்ஜினியரே வந்து எடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கச் சுவர் கை வேலை: சம்மதம். ஜா கிரஷர்: "பார்க்கிறோம்". டைல்ஸ் அறுக்க உள்ளே தனி அறை, தண்ணீர் வைத்து: சம்மதம். ஜெனரேட்டருக்குச் சத்தம் அடக்கும் கூண்டு: ஏற்கெனவே இருக்கிறதாம். உறிஞ்சுகுழி: சம்மதம், லிஃப்ட் குழிக்குச் சில நாள்தான் இறைப்பார்களாம். மழை மாசத்தில் பள்ளம் இருக்காது என்பதற்கும் எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிறு வேலை கிடையாது என்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலை 10-க்கு மேல், மெஷின் இல்லாமல், என்று வந்து நின்றது. அதிர்வு அளக்கும் கருவிக்கு முடியாது என்றுவிட்டார்கள். நாங்கள் மூன்று வீடும் சேர்ந்து பைலிங் நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். யாருக்காவது வாடகை தெரியுமா?

தொழிலாளர் கழிப்பறை பற்றிக் கேட்டபோதுதான் அந்த மேனேஜர் கொஞ்சம் திகைத்தார். முதல் வாரமே வைத்துவிடுகிறோம் என்றார்.

சட்டப்புள்ளி:

நல்ல வேலை அக்கா. அந்தத் தாளில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. சைட்டில் புகார் சொல்ல ஒருவர் பெயரும் கைபேசி எண்ணும், அவர் மாறினால் தெரிவிக்க வேண்டும் என்பதும். அப்புறம், இடிபாடு எங்கே போகிறது என்பது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாநகராட்சியின் கட்டட இடிபாடு பதப்படுத்தும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தெருவிலிருந்து போகும் டிப்பர் ஏதோ ஓர் ஏரிக்கரையில் போய்க் கொட்டும், அங்கே வேறொரு மாலா இழை தொடங்க வேண்டியிருக்கும்.

பெசன்ட்நகர்_பெருசு:

இவ்வளவு எழுதிக் கொடுத்தார்களா! அந்தத் தாளின் நகலைப் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடும்மா. எங்கள் தெருவில் இன்னொரு வீட்டுக்கு அளவெடுக்க வந்திருக்கிறார்கள்.

சைட்_செந்தில்:

மேடம், கருவி வாடகை விசாரித்துத் தனிமடலில் சொல்கிறேன். பைலிங் முழுக்கத் தேவையில்லை. உங்கள் சுவருக்கு அருகில் வரும் பைல்கள் எந்தெந்த நாள் என்று கேட்டு அந்த நாட்களுக்கு மட்டும் எடுங்கள். கருவியைத் தரைத்தளத்தில், அந்த நாலடி சந்துப் பக்கச் சுவரின் அடியில் வைக்க வேண்டும். மாடியில் வைத்தால் அளவு தப்பாக வரும்.